மயக்க ஊசி வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பின்னால் ஏதாவது தவறு நடந்தால் யார் மேல் புகார் கொடுப்பது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

புறவழிச்சாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மாதமாக மலத்தில் சிவப்பு. பீட்ரூட் என்று நான் சொன்னேன். என் மனைவி வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய நச்சரிப்புக்காகத்தான் போனேன்.

டாக்டர் நம்பிராஜன் என் பழைய மாணவர். பி.எஸ்சி. வேதியியலில் ஒரு வருடம் என்னிடம் இருந்துவிட்டு, மறு வருடம் மெடிக்கல் சீட் கிடைத்ததும் ஓடிப்போனவர். உப்புப் பகுப்பாய்வில் குளோரைடை நைட்ரேட் என்று எழுதியவர். இப்போது என்னைப் பகுத்தாய்கிறார்.

"உங்க அப்பா எதுல இறந்தாங்க சார்?"

"மூலம்."

"மூலத்துல யாரும் சாக மாட்டாங்க சார்."

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

கொலனோஸ்கோபி பார்க்க வேண்டுமாம். பின்வாசல் வழியாகக் கேமராவை அனுப்பிக் குடல் முழுவதையும் படம் எடுப்பார்கள். பத்தாம் தேதி.

ஜூன் 4, புதன்

வடிவு சொல்கிறாள், பொங்கலுக்குப் பிறகு வீட்டில் பீட்ரூட் வாங்கவே இல்லையாம்.

ஜூன் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியில் 'நிம்மதித் திட்டம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு முன்னால் நோயாளியின் பயத்தைப் போக்குவதற்கு. கையேட்டின் அட்டையில் ஒரு நோயாளி, லாட்டரி விழுந்தவனைப் போலச் சிரிக்கிறான். நான் பயப்படவில்லை என்று வரவேற்பில் சொன்னேன். பயப்படாதவர்களும் நிம்மதி அறைக்குப் போயே ஆக வேண்டுமாம். விதி.

அறை முன்பு குழந்தைகள் பிரிவாக இருந்திருக்கிறது. சுவரில் யானை பலூன் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெர்சிஸ் என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பதவியின் பெயர் 'நோயாளி நலத் தோழி'. தோழி என் கையில் சோப்பு நுரை ஊதும் குப்பியைக் கொடுத்தாள்.

"ஊதுங்க சார். மூச்சு சீராகும்."

இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். ஊதினேன். ஒரு குமிழி யானையின் தும்பிக்கையில் போய் உடைந்தது. அவள் கை தட்டினாள்.

பிறகு வழிகளைச் சொன்னாள். ஒன்று, மயக்க ஊசி. "அரைத் தூக்கம் சார். வலி தெரியாது. நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனா நாங்க எதாவது கேட்டா பதில் சொல்லுவீங்க."

"என்ன பதில்?"

"அது ஆளப் பொறுத்து. போன வாரம் ஒரு ஹெட்மாஸ்டர் சார் வந்தாங்க. வீட்டுக்காரம்மா வெளியில இருக்காங்க, இவங்க உள்ள வேற ஒரு பேரச் சொல்லி வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்தாங்க." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் பேசும், ஆனால் பேசியது பேசியவனுக்கே தெரியாது! இதை மருத்துவம் என்கிறார்கள்.

இரண்டாவது வழியில் ஊசியே கிடையாது. கண்ணில் ஒரு கருவியை மாட்டி அருவி, கடல் எல்லாம் காட்டுவார்கள். கூடவே தோழி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். கவனம் திரும்பிவிட்டால் வலியில் பாதி போய்விடுமாம்.

"எனக்கு ஊசி வேண்டாம்" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கிடுங்க சார். நிறையப் பேரு ஊசியத்தான் கேப்பாங்க."

நிறையப் பேருக்கு மறைக்க ஒன்றுமில்லை போலிருக்கிறது. இந்த வாக்கியத்தை எழுதியிருக்க வேண்டாம்.

ஜூன் 7, சனி

சண்டை. ஊசி போட்டால் கூட ஓர் ஆள் காரோடு வர வேண்டும். மகன் புனேயில். வடிவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

"சொரிமுத்து அண்ணன்கிட்ட சொல்லட்டுமா? ஒரு போன் போட்டா வந்து நிப்பாங்க."

இந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். நாட்குறிப்புக்குத் தெரியாது என்பதால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

சொரிமுத்துவும் நானும் ஒரே துறை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். பணியில் நான் அவனுக்கு ஆறு மாதம் மூத்தவன். பதினோரு வருடத்துக்கு முன் துறைத் தலைவர் பதவி காலியானபோது, அவனிடம் முனைவர் பட்டம் இருக்கிறது என்று அவனுக்குக் கொடுத்தார்கள். பட்டம் எதற்கு? கிணற்று நீரின் கடினத்தன்மைக்கு. நான்கு வருட ஆராய்ச்சி. எங்கள் வீட்டுக் குக்கரின் அடியைப் பார்த்திருந்தால் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகும் வருடம் தவறாமல் தீபாவளிக்கு அவன் வீட்டிலிருந்து முறுக்கு வருகிறது. ஜெயித்தவனின் திமிர். நான் தொடுவதில்லை. பொட்டலம் எப்படியோ காலியாகிவிடுகிறது.

நம்பிராஜன் அவனுடைய செல்ல மாணவர் வேறு. அந்தக் கையில் கேமரா, என் வாயில் மயக்கம். ஒருபோதும் முடியாது.

ஜூன் 9, திங்கள்

விடைத்தாள் திருத்தும் பணி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைப் பதினேழுக்கு மாற்றினேன். விடைத்தாள் திருத்துவது போன மாதமே முடிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத தகவல்.

ஜூன் 12, வியாழன்

நிம்மதித் திட்டப் படிவம். 'உங்கள் மனத்தை முழுவதும் ஈர்க்கும் விஷயம் எது? சோதனையின்போது அதைப் பற்றிப் பேசுவோம்.' வேதியியல் என்று எழுதினேன். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. வடிவு மருந்துப் பொடி வாங்கப் போகும்போது படிவத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

குடலைக் கழுவும் நாள். இரண்டு லிட்டர் தண்ணீரில் பொடியைக் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர். கடல் நீரில் எலுமிச்சம்பழத்தைக் காட்டிவிட்டு எடுத்ததுபோல ஒரு சுவை. வடிவு கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஆறு டம்ளர்."

"எண்ணாதே."

"எண்ணலைன்னா நீங்க செடிக்கு ஊத்திருவீங்க."

மேற்கொண்டு எழுத நேரமில்லை. ஐந்து முறை எழுந்து போய்விட்டேன்.

ஏழாவது முறை. அப்பா கடைசி ஆறு மாதம் வாசல் கட்டிலை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையிலேயே படுத்திருந்தார். வெயிலுக்கு அதுதான் குளுமை என்று சொல்வார். நாங்களும் நம்பினோம்.

ஜூன் 17, செவ்வாய்

முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதுகுப் பக்கம் திறந்த ஒரு பச்சை அங்கி. இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். நம்பிராஜன், "வணக்கம் சார்" என்றார். அந்தக் கோணத்தில் யாரும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.

கண்ணில் கருவியை மாட்டினார்கள். அருவி. "குற்றாலம் சார்" என்றாள் பெர்சிஸ். பார்த்தவுடன் தெரிந்தது, அது குற்றாலம் இல்லை. எந்த நாட்டு அருவியோ, ஓரத்தில் பனி இருக்கிறது. சொன்னேன். அருவியை நிறுத்திவிட்டுக் கடல் போட்டாள். கடல் நடுவில் நின்று, வட்டம் சுற்றியது. இன்டர்நெட் போய்விட்டதாம். அதற்குள் குழாய் உள்ளே வந்துவிட்டது. காற்று ஊதுகிறார்கள். வயிறு லாரி டயரைப் போல விம்முகிறது. முதல் வளைவில் என்னை அறியாமல் அலறிவிட்டேன்.

"ஊசி போட்டுருவமா சார்?" என்றார் நம்பிராஜன்.

"வேண்டாம்."

பெர்சிஸ் கருவியைக் கழற்றிவிட்டு என் முகத்துக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் என் படிவம். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், சொரிமுத்துன்னா யாரு?"

வேதியியல் என்று நான் எழுதியதை ஒரு கோடு அடித்துவிட்டு, கீழே வடிவின் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'சொரிமுத்து அண்ணன். இதைக் கேட்டால் போதும், வேறு ஞாபகமே வராது.'

துரோகம் என்று நினைத்தேன். அடுத்த கணம் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பணி மூப்புப் பட்டியல், நேர்முகத் தேர்வு, கிணற்று நீர், முறுக்கு. குழாய் இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. பெர்சிஸ் நன்றாகக் கதை கேட்பவள். "அய்யய்யோ", "அப்படியா செஞ்சாங்க?", "நீங்க சும்மாவா விட்டீங்க?"

"சும்மா விடுவேனா? மொட்டைக் கடுதாசி போட்டேன்" என்றேன்.

ஊசி இல்லை, மயக்கமில்லை. முழு விழிப்பில், தெளிவான உச்சரிப்பில் சொன்னேன். பதினோரு வருடம் பொத்தி வைத்திருந்ததை.

நின்றிருக்கலாம். ஆனால் அவள், "எங்க போட்டீங்க? என்னன்னு?" என்று கேட்டாளே. சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு. சொரிமுத்துவின் ஆய்வேட்டில் மூன்றாம் அட்டவணை வேறொருவரிடமிருந்து எடுத்தது என்று எழுதினேன். விசாரணை இரண்டு வருடம் நடந்தது. கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிந்தது. அதற்குள் அவனுக்கு வர வேண்டிய கல்லூரி முதல்வர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

"கடுதாசி போய்ச் சேராம இருந்திருந்தா?" என்றாள்.

"அதெப்படிச் சேராமல் போகும்? பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு."

"அட்டையா?"

"வாங்கினவர் கையெழுத்துப் போட்டு நமக்குத் திரும்பி வருமே, அந்த அட்டை. போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா?"

"சரி சார்..." பெர்சிஸ் கொஞ்சம் தயங்கினாள். "மொட்டைக் கடுதாசிக்கு அட்டை எந்த அட்ரஸுக்குத் திரும்பி வரும்?"

எனக்குப் பின்னால் குழாய் நின்றது.

"பொதுநலன் விரும்பி என்று போட்டு, தென்காசியில் என் மாமனார் வீட்டு முகவரி கொடுத்திருந்தேன்" என்றேன். "ஆனால் அட்டை வரவே இல்லை. தபால் துறை மேல் அப்போதே ஒரு புகார் எழுதினேன்."

அப்புறம் குழாய் நகர்ந்தது.

இருபத்திரண்டு நிமிடம். மூன்று இடத்தில் சதை வளர்ந்திருக்கிறதாம். சின்னவை இரண்டையும் அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார். மூன்றாவது பெரியது, அதில் ஒரு துண்டைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். எட்டு நாளாகும்.

"ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டாள் வடிவு.

"ரிசல்ட் வரட்டும்மா" என்றார் நம்பிராஜன். என் முகத்தைப் பார்க்கவில்லை. அது சதையினாலா, அட்டையினாலா என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

வடிவிடம் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வலி தெரிஞ்சுதா?"

"அது இல்லை கேள்வி."

"தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரியவில்லை."

"பெறகென்ன?"

எழுந்துபோக நினைத்தேன். அதற்குள் அவளாகவே சொன்னாள்: "அந்த அட்டை எங்கிட்டதான் இருக்கு. போஸ்ட்மேன் குடுத்ததும் எங்க அப்பா என்னை வரச்சொல்லிக் கையில குடுத்துட்டாங்க. உங்க கையெழுத்து அப்பாவுக்குத் தெரியாதா? நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குக் காரு லேட்டா வந்ததுக்கு நாலு பக்கம் எழுதுனீங்கள்லா."

ஒன்பது பக்கம். நான் திருத்தவில்லை.

"சொரிமுத்து அண்ணன் மேல விசாரணை வந்ததும் அது என்ன அட்டைன்னு புரிஞ்சுபோச்சு. அவுங்க வீட்டுக்கு நான் அப்பவே போனேன். நீங்க மதுரைக்குப் பேப்பர் திருத்தப் போயிருந்தீங்க. அவுங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. கால்ல விழப் போனேன், விடல. 'நீ ஒண்ணும் செய்யலைம்மா, வீட்டுக்குப் போ'ன்னாங்க. வெளிய சொல்லவும் இல்ல."

கீரையை அலச எழுந்து போனாள். பதினோரு வருடம் இந்த வீட்டில் நான் மட்டும்தான் இதை ரகசியம் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

சொரிமுத்துவை நினைத்துக் கோபப்பட முயன்றேன். வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் அப்பா கட்டிலோடு வந்து படுத்துக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

பால்காரனை முயன்றேன். தண்ணீர் கலக்கிறான், அயோக்கியன்தான். மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய், கல்லூரிச் செயலாளர், கல்யாணத்துக்கு லேட்டாக வந்த கார். எல்லாம் காலாவதியான மாத்திரை.

ஜூன் 21, சனி

கை விரல் குளிர்ந்தே இருக்கிறது. வயிற்றில் ஒரு துண்டைக் கிள்ளிய இடம் எது என்று என்னால் காட்ட முடியும்போல இருக்கிறது. முடியாது என்பது அறிவியல்.

ஜூன் 22, ஞாயிறு

சொரிமுத்து வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று வழியெல்லாம் காரணங்கள் தயாரித்தேன். பழைய நட்பு, நேர்மை, மனச்சாட்சி. கதவைத் திறந்தவன் பனியனோடு இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தினமும் கல்லூரியில் பார்க்கிறேன், இதைப் பார்த்ததில்லை.

"வாரும் வே" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் கடுதாசி..." என்று தொடங்கினேன்.

"தெரியும். கவரு மேல உம்ம மாமனார் வீட்டு அட்ரஸ். விசாரணைக்கு வந்த ஆளு எங்கிட்ட காட்டி, 'இந்தப் பொதுநலன் விரும்பிக்கு முகவரியெல்லாம் இருக்கே'ன்னு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டு வருசம் எனக்குத் தூக்கம் கெடையாது வே. ஒரே டிபன்ல தின்ன பயல்னு நெனச்சு நெனச்சு."

"மன்னிக்கணும்" என்றேன். குரல் ஒரு மாணவனுடையதைப் போல இருந்தது.

"மன்னிக்கல்லாம் மாட்டேன்." சட்டையைத் தேடி மாட்டினான். "இத்தன வருசம் கழிச்சு இன்னைக்கு என்ன? மனச்சாட்சின்னு சொன்னீருன்னா இப்பவே கதவச் சாத்திருவேன்."

தயாரித்து வைத்த காரணங்கள் மூன்றும் போய்விட்டன.

"பயமா இருக்கு வே" என்றேன்.

அவன் நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துக் கீழே போட்டான்.

"உக்காரும்."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் டி.வி.யில் யாரோ தோசை சுடுவதைப் பார்த்தோம். அவன் பேச்சுக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "புதன்கிழமையா?" என்றான். ஆமாம் என்றேன். "சரி, போயிட்டு வாரும்." அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூன் 25, புதன்

சொரிமுத்து வரவில்லை. வர வேண்டியவனும் இல்லை. வடிவும் நானும் ஆட்டோவில் போனோம். வடிவு வெளியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

நம்பிராஜன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். பெர்சிஸும் இருந்தாள். அவள் இருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"வெயில் இந்த வருஷம் ரொம்ப சார்" என்றார். "உங்க லேப்ல ஒரு தடவ நான் குளோரைட..."

"பேச்சை மாற்றாதே நம்பி. சொல்லு."

சொன்னார். பெரிய சதையில் புற்றுநோய். ஆரம்ப நிலை. மதுரையில் ஆபரேஷன், ஜூலை முதல் வாரம். அரை அடி குடலை எடுப்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் கணக்கு வேறு. முழுவதும் கேட்டேன். இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டும் நல்ல கேள்விகள். மேஜை விளிம்பைப் பிடித்திருந்தேன் என்று எழுந்தபோதுதான் தெரிந்தது.

வெளியே பெஞ்சில் வடிவு. பர்ஸின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

அப்பா சொன்ன மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "புற்றுநோய்தான். ஆரம்பம். வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கை மறுபடியும் பர்ஸின் ஜிப்பைத் திறந்து மூடியது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். என் விரலைவிடக் குளிர்ந்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மெதுவாக. "யாரையாவது திட்டுங்களேன். கேக்கேன்."

ஒரு வாரமாக எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சுற்றிலும் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்னால் போர்டில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி, அதற்கு நேர் கீழே டி.வி.யை அலறவிட்டிருந்தார்கள்.

"இந்தப் பெஞ்சைச் செய்தவன் இருக்கிறானே" என்று ஆரம்பித்தேன், "அவனுக்கு மனிதனுக்கு முதுகு எந்தப் பக்கம் என்றே யாரும் சொல்லித்தரவில்லை..."

ஆட்டோ வரும்வரை நிறுத்தவில்லை.